விசில் ஊதிய பிறகு எது நிற்கிறது: மனத்திறன் பயிற்சித் திட்டம் ஒன்றின் மதிப்பீடு

விளையாட்டு வீரர்களுக்கான மனத்திறன் பயிற்சி என்று சொல்லி இணையவழியில் சந்தா முறையில் வழங்கப்படும் திட்டங்களுள் ஒன்றை, நான் பயிற்சியளிக்கும் கைப்பந்து அணியினருடன் சேர்ந்து ஒரு போட்டிப் பருவம் முழுவதும் பயன்படுத்திப் பார்த்தேன். வாரம் ஒன்றாகத் திறக்கும் பாடங்கள், கேட்டுப் பயிற்சி செய்வதற்கான ஒலிப்பதிவுகள், அச்சிட்டு எழுதும் பயிற்சித் தாள்கள், கைபேசிச் செயலியில் நாள்தோறும் நிரப்ப வேண்டிய குறிப்பேடு, இடையிடையே ஆலோசகர் ஒருவருடன் காணொளி உரையாடல் ஆகியவை அந்தச் சந்தாவில் அடங்கும். திட்டத்தின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. இதே வடிவில் வேறு திட்டங்களும் கிடைக்கின்றன. வாங்க நினைப்பவருக்குத் தேவைப்படுவது பெயரைக் காட்டிலும், உள்ளே எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான்.

நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று. பாடத்தில் கற்றது, நடுவர் விசில் ஊதிய பிறகு கைகொடுக்கிறதா என்பதே அது. அமைதியான அறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது மனம் லேசாவது நல்ல அனுபவம்தான், ஆனால் அதற்காக விளையாட்டு வீரர் தனியாக ஒரு திட்டத்தை வாங்க வேண்டியதில்லை. இந்தத் துறை நேற்று முளைத்ததன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனியே ஓட்டும் சைக்கிள் வீரர்களைவிடப் பிறருடன் போட்டியிட்டு ஓட்டுபவர்கள் விரைவாகச் செல்வதை நார்மன் டிரிப்லெட் 1898இல் எழுதினார். கோல்மன் கிரிஃபித் 1925இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்கென்றே ஓர் ஆய்வகத்தைத் தொடங்கினார். நூறாண்டுக்கும் மேலாகச் சேர்ந்த இத்தகைய அறிவில் எவ்வளவு இந்தத் திட்டத்துக்குள் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால், சில அலகுகளில் நிறையவும், சில அலகுகளில் அரைகுறையாகவும் வந்திருக்கிறது.

தொடக்கமே சற்று ஏமாற்றமளிக்கிறது. முதல் நாளில் நீண்டதொரு வினாப்பட்டியலை நிரப்பச் சொல்லி, அதன் முடிவில் நூற்றுக்கு இத்தனை என்று ‘மன வலிமை மதிப்பெண்’ ஒன்றைத் திரையில் பெரிய எழுத்தில் காட்டுகிறார்கள். வினாக்கள் மோசமானவையல்ல. தோல்விக்குப் பிறகு எவ்வளவு நேரத்தில் மீள்கிறீர்கள், பார்வையாளர் கூச்சல் உங்களைப் பாதிக்கிறதா, பயிற்சியில் செய்வதைப் போட்டியிலும் செய்ய முடிகிறதா என்பன போன்ற கேள்விகள் வீரரை யோசிக்க வைக்கின்றன. ஆனால் அவற்றை ஒற்றை எண்ணாகச் சுருக்கும்போது பொருள் போய்விடுகிறது. வென்ற அன்று நிரப்பினால் ஒரு மதிப்பெண், தோற்ற அன்று நிரப்பினால் வேறொரு மதிப்பெண் வருவது இயல்பு. அது திறனைக் காட்டுவதைவிட அன்றைய மனநிலையைத்தான் காட்டுகிறது. போதாக்குறைக்கு, அணியில் இருப்பவர்கள் தங்கள் மதிப்பெண்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளத் தொடங்கிவிடுகிறார்கள். பதின்வயதினருக்கு இதைக் கொடுக்கும் பயிற்சியாளர் அந்தத் திரையைத் தாண்டிச் சென்றுவிடுவது நல்லது.

அடுத்து வருவது பதற்றத்தைக் கையாளும் அலகு. மனக்கிளர்ச்சி குறைவாக இருந்தாலும் திறன் வெளிப்படாது, மிகுந்தாலும் வெளிப்படாது, நடுவில் ஓர் உச்சம் உண்டு என்று சொல்லும் கவிழ்த்த ‘யு’ வடிவ வரைபடத்தை இதில் ஒரு விதியாகவே கற்பிக்கிறார்கள். அந்த வரைபடம் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் 1908இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது. அவர்கள் ஆராய்ந்தது விளையாட்டு வீரர்களையல்ல, வெள்ளைப் பெட்டியையும் கருப்புப் பெட்டியையும் வேறுபடுத்தக் கற்றுக்கொண்ட எலிகளை. தவறாகத் தேர்ந்தெடுத்த எலிகளுக்கு மின்னதிர்ச்சி தரப்பட்டது. வேறுபாட்டைக் கண்டறிவது கடினமாக இருந்தபோது நடுத்தர அதிர்ச்சியில்தான் அவை விரைவாகக் கற்றன. இதிலிருந்து மைதானத்தில் நிற்கும் மனிதருக்கு ஒரே நடுப்புள்ளியைக் குறித்துக்கொடுப்பது பெரிய தாவல். விளையாட்டு உளவியலாளர் யூரி ஹானின் முன்வைத்த கருத்து பயிற்சியாளருக்கு இதைவிடப் பயன்படும்: ஒவ்வொருவருக்கும் தாம் சிறப்பாக ஆடும் பதற்ற எல்லை தனியாக உண்டு, ஒருவருக்கு அது தாழ்ந்தும் மற்றொருவருக்கு உயர்ந்தும் இருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், பாடத்தில் எலி வரைபடத்தைச் சொல்லிவிட்டு, பயிற்சித் தாளில் ஹானினின் வழியைத்தான் பின்பற்றியிருக்கிறார்கள். தான் மிகச் சிறப்பாக ஆடிய ஆட்டங்களையும் மிக மோசமாக ஆடியவற்றையும் நினைவுகூர்ந்து, அவற்றுக்கு முன் உடல் எப்படி இருந்தது, என்ன எண்ணம் ஓடியது, யாருடன் பேசிக்கொண்டிருந்தோம் என்று இரண்டு பத்திகளாக எழுதச் சொல்கிறது அந்தத் தாள். எங்கள் அணியின் முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவர், தான் நன்றாக ஆடிய நாட்களிலெல்லாம் ஆட்டத்துக்கு முன் வயிறு கலங்கியிருந்ததாக எழுதினார். அதுவரை அதை ஒரு கோளாறாக எண்ணி அடக்கப் பார்த்தவருக்கு, அது தன் உடல் தயாராகும் விதம் என்று புரிந்தது. இந்த ஒரு தாளுக்காகவே அலகை மன்னிக்கலாம். பதற்றத்தை அமைதியாக மாற்ற முயல்வதைவிட, ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று பெயர் மாற்றிச் சொல்லிக்கொள்வது மேடையில் பாடுதல், பேசுதல், கணக்குத் தேர்வு ஆகியவற்றில் பலனளித்ததை ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது; அதையும் இந்த அலகு சுருக்கமாகச் சேர்த்திருக்கிறது.

மூச்சுப் பயிற்சிப் பகுதி சரியான அடித்தளத்தில் இருக்கிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும் வெளிவிடும்போது தணிவதும் உடலின் இயல்பு. ஆகவே நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் நிதானமாக்கி, வெளிமூச்சை நீட்டினால் உடல் தணியத் தொடங்கும். ஆனால் திட்டம் இதற்கெனத் தரும் ஒலிப்பதிவு பல நிமிடங்கள் நீள்கிறது. கைப்பந்தில் ஒரு டைம் அவுட்டுக்குக் கிடைப்பது 30 வினாடிகள். நிமிடத்துக்கு ஆறு என்றால் அதற்குள் மூன்று மூச்சுதான் அடங்கும், அதிலும் பயிற்சியாளர் பேச்சைக் கேட்க வேண்டும். மூன்றே மூச்சில் தணிவதற்கு எப்படிப் பழகுவது என்ற பாடம் இதில் இல்லை. நீண்ட பயிற்சியை வீட்டில் செய்து செய்து, பிறகு அதைப் படிப்படியாகச் சுருக்கி, கடைசியில் ஒரு வெளிமூச்சையே அடையாளமாக்கிக்கொள்ளும் முறை பயிற்சியாளர்களிடையே நன்கு தெரிந்த ஒன்று. எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த தசைத் தளர்வுப் பயிற்சியையும் பின்வந்தவர்கள் அப்படித்தான் சுருக்கிப் பயன்படுத்துகிறார்கள். திட்டத்தில் தசைத் தளர்வுக்கான ஒலிப்பதிவு முழு நீளத்தில் மட்டுமே உண்டு. இரவில் உறக்கத்துக்கு அது நன்று. ஆட்டத்துக்குச் சற்று முன் அதைக் கேட்டால் கால்கள் தளர்ந்துவிடும் என்ற எச்சரிக்கையையாவது சேர்த்திருக்கலாம்.

திட்டத்தின் விளம்பரத்தில் மிகப் பெரிதாகப் பேசப்படுவது மனக்காட்சிப் பயிற்சி. எனக்கு மிகக் குறையாகத் தோன்றியதும் அதுவே. படுத்துக்கொள்ளுங்கள், கண்ணை மூடுங்கள், அரங்கம் நிறைந்திருக்கிறது, நீங்கள் கோப்பையைத் தூக்குகிறீர்கள், கரவொலி எழுகிறது என்று மென்மையான குரல் முக்கால் மணி நேரம் வழிநடத்துகிறது; பின்னணியில் இசை வேறு. எந்த விளையாட்டுக்கு என்று கேட்டால் எல்லாவற்றுக்கும். கோப்பையைத் தூக்கும் காட்சி ஆசையை வளர்க்கலாம், ஆனால் சர்வீஸ் போடும் கைக்கு அதிலிருந்து கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

மனக்காட்சி பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அதற்கான சான்றுகள் வலுவானவை. ஃபெல்ட்ஸும் லாண்டர்ஸும் 1983இல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மனத்தால் செய்யும் பயிற்சி ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடத் திறனை மேம்படுத்துகிறது என்று கண்டார்கள். 1994இல் டிரிஸ்கெல் குழுவினர் செய்த தொகுப்பாய்வும் அதை உறுதிப்படுத்தியதோடு, அது உடலால் செய்யும் பயிற்சிக்கு ஈடாகாது என்றும், நேரத்தை நீட்டுவதால் பலன் கூடுவதில்லை, ஏறத்தாழ 20 நிமிடங்களே போதும் என்றும் காட்டியது. முக்கால் மணி நேர ஒலிப்பதிவைத் தயாரித்தவர்கள் இதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கும் வழிகாட்டல் உண்டு. 2001இல் ஹோம்ஸ், காலின்ஸ் இருவரும் ‘பெட்லெப்’ என்ற வரையறையை முன்வைத்தார்கள். உடல்நிலை, சூழல், செய்யும் பணி, நேரம், கற்றலின் படிநிலை, உணர்ச்சி, பார்க்கும் கோணம் ஆகிய ஏழும் உண்மையான ஆட்டத்துக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவோ, மனக்காட்சி அவ்வளவு பயன்படும் என்பது அதன் சாரம். அதன்படி சர்வீஸ் போடுபவர் படுத்துக்கொள்ளக் கூடாது. போட்டியில் அணியும் உடையில், எல்லைக்கோட்டுக்குப் பின்னால் நின்று, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் தையல் விரலில் படுவதை உணர்ந்தபடி, உண்மையில் எடுக்கும் நேரத்துக்குள்ளேயே மனத்தில் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு, உடனே கையால் போட வேண்டும். நாங்கள் ஒலிப்பதிவை ஒதுக்கிவிட்டு இப்படித்தான் மாற்றிக்கொண்டோம். திட்டத்துக்குச் சந்தா கட்டிவிட்டு அதன் முதன்மைப் பகுதியை நாமே எழுதிக்கொள்வது சற்று வேதனையான வேலைதான்.

தவறு நேர்வதை மனக்காட்சியில் கொண்டுவரவே கூடாது என்று ஒலிப்பதிவு கண்டிப்பாகச் சொல்கிறது. இதில் பாதி உண்மை. பந்து வலையில் மோதுவதைத் திரும்பத் திரும்ப மனத்தில் ஓட்டுவது கெடுதல்தான். ஆனால் இடர் வந்தால் என்ன செய்வேன் என்று ஒத்திகை பார்ப்பது அதிலிருந்து வேறானது. மைக்கேல் ஃபெல்ப்ஸ் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் நீரில் குதித்ததும் அவருடைய கண்ணாடிக்குள் நீர் புகுந்துவிட்டது. சுவர் எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாத நிலையில், கைவீச்சுகளை எண்ணியபடி நீந்தி, 1 நிமிடம் 52.03 வினாடிகளில் உலகச் சாதனையுடன் தங்கம் வென்றார். எல்லாம் சரியாக நடக்கும் பந்தயத்தை மட்டுமல்லாமல், எல்லாம் பிசகிப்போகும் பந்தயத்தையும் மனத்தில் நீந்திப் பார்க்கும் பழக்கம் அவருக்குப் பயிற்சியாளர் பாப் போமனால் ஊட்டப்பட்டிருந்தது. திட்டத்தின் பாடமோ ஃபெல்ப்ஸின் பெயரைச் சொல்லிவிட்டு, அவர் செய்ததற்கு நேர்மாறானதைக் கற்பிக்கிறது. மேலும், சிலருக்கு மனத்தில் காட்சியே தோன்றுவதில்லை. அப்படிப்பட்ட ஒருவர் இந்த அலகைத் தொடங்கினால் தன்னிடம்தான் குறை என்று எண்ணிக்கொள்வார். தசை உணர்வையோ ஓசையையோ பற்றிக்கொண்டு செய்யலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

இதற்கெல்லாம் ஈடுகட்டுவது போல அமைந்திருக்கிறது தனக்குத்தானே பேசிக்கொள்ளும் பேச்சைப் பற்றிய அலகு. திட்டத்தின் மிகச் சிறந்த பகுதி இதுதான். முதல் வேலையாக, ஒரு பயிற்சி ஆட்டத்தில் தவறு செய்தவுடன் நமக்குள் என்ன சொல்லிக்கொள்கிறோம் என்பதை அப்படியே எழுதச் சொல்கிறார்கள். எழுதிய தாள்களைப் பார்த்தபோது, ஒரு தோழியிடம் ஒருநாளும் சொல்லத் துணியாத சொற்களைத் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்வதை ஆட்டக்காரர்களே கண்டு சிரித்தார்கள். அடுத்த படியாக, ‘வலையில் போட்டுவிடாதே’ என்பது போன்ற விலக்குச் சொற்களை இனங்காணச் சொல்கிறது பாடம். வெள்ளைக் கரடியை நினைக்காதே என்றால் அதுவே திரும்பத் திரும்ப வருவதை டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. களத்திலும் அதே கதைதான். செய்யக் கூடாததைச் சொல்வதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொள் என்பதே இதிலிருந்து வரும் வழிமுறை.

அடுத்து, சொற்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறது பாடம்: ஊக்கமூட்டும் சொற்கள் ஒரு வகை, செயலை நெறிப்படுத்தும் சொற்கள் இன்னொரு வகை. ஹட்ஸிஜியோர்ஜியாடிஸ் குழுவினர் 32 ஆய்வுகளைத் திரட்டி 2011இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, இவ்வகைப் பேச்சு திறனை மிதமான அளவில் உயர்த்துவதையும், நுணுக்கமான அசைவுகள் தேவைப்படும் செயல்களில் அது கூடுதலாகப் பயன்படுவதையும், பழகிப் பயன்படுத்தினால் பலன் மிகுவதையும் காட்டியது. அலகின் அமைப்பு இதையொட்டியே இருக்கிறது. வெறும் ‘உன்னால் முடியும்’ என்பதோடு நின்றுவிடவில்லை. குறை ஒன்று சொல்லலாம்: மாதிரியாகத் தரப்பட்டுள்ள வாக்கியங்கள் மிக நீளம். ‘என் முழுத் திறமையையும் இந்தக் கணத்தில் நான் நம்பிக்கையுடன் வெளிப்படுத்துகிறேன்’ என்று சொல்லி முடிப்பதற்குள் எதிரணியின் பந்து நம் பக்கம் விழுந்துவிடும். எங்கள் ஆட்டக்காரர்கள் ‘கை மேல’, ‘கால் முன்ன’, ‘அடுத்தது’ என்று சுருக்கிக்கொண்டார்கள். பந்தை வரவேற்று எடுக்கும் இடத்தில் நிற்கும் லிபரோவுக்கு ‘கால் முன்ன’ என்பது அந்தப் பருவம் முழுவதும் உதவியது. அவருடைய எல்லாப் புள்ளிகளையும் நான் கணக்கெடுக்கவில்லை, ஆனால் ஒரு பந்தைத் தவறவிட்ட பிறகு அடுத்த பந்துக்கு அவர் முன்போலப் பின்வாங்கி நிற்பதில்லை என்பது கண்கூடாகத் தெரிந்தது.

கவனத்தைப் பற்றிய அலகில் ஒரு பிழை இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆட்டம் நெருக்கடியான கட்டத்தை எட்டும்போது உங்கள் அசைவின் ஒவ்வொரு பகுதியையும் உணர்ந்து சரிபாருங்கள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று வரிசையாகக் கவனியுங்கள் என்கிறது பாடம். கற்றுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இது பயன்படலாம். கைவந்த திறனுடையவருக்கோ இதுவே தடுமாற்றத்துக்கு வழிவகுக்கும். ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் 1992இல் வெளியிட்ட ஆய்வில், கோல்ஃப் பந்தைக் குழிக்குள் உருட்டும் திறனை விரிவான அறிவுரைகளுடன் கற்றவர்கள் அழுத்தம் வந்தபோது தடுமாறினார்கள். கவனம் வேறொரு வேலையில் இருக்க, விதிகள் எதையும் அறியாமல் கற்றவர்களிடம் அந்தத் தடுமாற்றம் காணப்படவில்லை. தானாக ஓடும் செயலுக்குள் விழிப்புணர்வு தலையிடும்போதுதான் பல நேரங்களில் அது குலைகிறது என்ற கருத்தைச் சியான் பெய்லாக்கும் தாமஸ் காரும் 2001இல் வெளியிட்ட ஆய்வும் ஆதரித்தது. காபிரியேல் வுல்ஃப் பல்லாண்டுகளாகச் செய்துவரும் ஆய்வுகளும் உடலுறுப்பின் மீது வைக்கும் கவனத்தைவிட, அசைவின் விளைவின் மீது, அதாவது பந்தின் போக்கின் மீதோ இலக்கின் மீதோ வைக்கும் கவனமே சிறந்த பலன் தருவதைக் காட்டுகின்றன.

நாலாவது செட்டில் 23–24 என்று நிற்கும்போது சர்வீஸ் போடுபவரிடம் முழங்கையைக் கவனி என்று சொல்வது அவருக்கு உதவாது. எதிர்ப்பக்க மூலையில் எந்த இடத்தில் பந்து விழ வேண்டும் என்று காட்டுவதே உதவும். ஜோன் விக்கர்ஸ் 1996இல் கூடைப்பந்தின் ஃப்ரீ த்ரோ எறிபவர்களின் கண்ணசைவை ஆராய்ந்து, தேர்ந்தவர்கள் எறிவதற்கு முன் இலக்கின் மீது பார்வையைக் கூடுதல் நேரம் நிலைநிறுத்துவதைக் கண்டார். அந்த நிலைத்த பார்வையைப் பழகுவது எளிது, செலவில்லாதது, எந்த மைதானத்திலும் செய்யக்கூடியது. திட்டத்தில் அதற்கு இடமே தரப்படவில்லை. உறுப்புகளை வரிசையாகக் கவனிக்கச் சொல்லும் பாடத்தை நாங்கள் பாதியிலேயே நிறுத்திவிட்டோம். வாங்குபவர்களும் போட்டிப் பருவத்தில் அதைத் தொட வேண்டாம் என்பேன்.

ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் செய்யும் முன்தயாரிப்பைப் பற்றிய அலகு நல்ல எண்ணத்துடன் எழுதப்பட்டது, ஆனால் விதிப்புத்தகத்தைத் திறந்து பார்க்காமல் எழுதப்பட்டது. மாதிரியாகத் தரப்படும் வரிசை இது: பின்வாங்கி நில்லுங்கள், மூன்று முறை ஆழ்ந்து மூச்சுவிடுங்கள், மனத்தில் காட்சியை ஓட்டுங்கள், சொல்லைச் சொல்லிக்கொள்ளுங்கள், முன்னே வாருங்கள், செயலைத் தொடங்குங்கள். நிதானமாகச் செய்தால் அரை நிமிடம் பிடிக்கும். கோல்ஃப் ஆடுபவருக்கு இது சரிவரலாம். டென்னிஸில் ஒரு புள்ளிக்கும் அடுத்த சர்வீஸுக்கும் இடையே 25 வினாடிகள்தான். வில்வித்தைத் தனிநபர் போட்டியில் மாறி மாறி எய்யும்போது ஓர் அம்புக்கு 20 வினாடிகள். பன்னாட்டுக் கூடைப்பந்து விதிப்படி ஃப்ரீ த்ரோவுக்குப் பந்தைப் பெற்றவர் 5 வினாடிகளுக்குள் எறிய வேண்டும். கைப்பந்தில் நடுவர் விசில் ஊதியதும் 8 வினாடிகளுக்குள் பந்தை அடித்தாக வேண்டும். தாண்டினால் புள்ளி எதிரணிக்குப் போய்விடும்.

ஆகவே அந்த வரிசையை இரண்டாகப் பிரித்தோம். விசிலுக்கு முன் செய்ய வேண்டியவை, விசிலுக்குப் பின் செய்ய வேண்டியவை என்று. மற்றவர் அடிப்பதற்காகப் பந்தை உயர்த்தித் தரும் எங்கள் செட்டர், தன் சர்வீஸின்போது இப்போது செய்வது இது: பந்து கைக்கு வருமுன்பே உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொள்வார், பந்து வந்ததும் இரண்டு முறை தரையில் தட்டுவார், காற்று அடைக்கும் துளை தன்னை நோக்கி இருக்குமாறு பந்தைத் திருப்பிக்கொள்வார், இலக்கை ஒரு முறை பார்ப்பார். இவ்வளவும் விசிலுக்கு முன். விசில் ஊதியதும் ஒரு நீண்ட வெளிமூச்சு, இலக்கின் மீது நிலைத்த பார்வை, ‘கை மேல’ என்ற சொல், உடனே பந்தை மேலே எறிதல். அவ்வளவுதான். எதிரணியினர் டைம் அவுட் எடுத்து அவரை நிற்க வைத்தாலும், திரும்பி வந்ததும் உள்ளங்கையைத் துடைப்பதிலிருந்தே மீண்டும் தொடங்குவார். இந்த ஒழுங்கைக் கட்டமைக்கும் எண்ணம் திட்டத்திலிருந்துதான் வந்தது. அதற்குரிய பெருமையை நான் குறைக்க விரும்பவில்லை. விளையாட்டு வாரியாக நேர வரம்பைக் கேட்டு, அதற்கேற்பத் தாளை மாற்றித் தரும் வசதி செயலியில் இருந்திருந்தால் இது தனியாகவே வாங்கத்தக்க அலகாகியிருக்கும்.

இலக்கு வகுக்கும் அலகைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முடிவு சார்ந்த இலக்கு (வெல்வது), திறன் சார்ந்த இலக்கு (தன் அளவை உயர்த்துவது), செய்முறை சார்ந்த இலக்கு (செய்யும் விதம்) என்ற பிரிவைச் சரியாகவே விளக்குகிறார்கள். பிறகு நாள்தோறும் நிரப்பும் குறிப்பேட்டில் ‘இன்று வென்றீர்களா’ என்பதையே முதல் கேள்வியாக வைக்கிறார்கள்.

ஆலோசகருடனான உரையாடல்கள் பற்றி இருவிதமாக எழுத வேண்டியிருக்கிறது. எங்களுக்கு அமைந்தவர் பொறுமையானவர், கேட்கத் தெரிந்தவர், ஆட்டத்தின் காணொளியை அனுப்பச் சொல்லி அதைப் பார்த்துவிட்டுப் பேசியவர். இரண்டு புள்ளிகளுக்கு இடையில் எங்கள் ஆட்டக்காரர்கள் யாருடைய முகத்தைப் பார்க்கிறார்கள் என்று அவர் கேட்ட கேள்வி, எந்த ஒலிப்பதிவும் செய்யாததைச் செய்தது. அவர்கள் பார்த்தது என் முகத்தைத்தான் என்பது காணொளியில் தெளிவாகத் தெரிந்தது. அதன் பிறகு, தவறு நேரும்போது என் முகம் என்ன சொல்கிறது என்பதும் எங்கள் பயிற்சியின் ஒரு பகுதியாயிற்று. ஆனால் ஆலோசகரின் தகுதி என்ன என்பதைத் திட்டத்தின் பக்கத்தில் எங்கும் காண முடியவில்லை, கேட்ட பிறகே சொன்னார்கள். விளையாட்டு உளவியலாளர் என்ற பெயரைப் பயன்படுத்த உரிமம் தேவைப்படும் நாடுகள் உண்டு. ‘மனப் பயிற்சியாளர்’ என்றோ ‘மனத்திறன் வழிகாட்டி’ என்றோ யார் வேண்டுமானாலும் தம்மை அழைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட பயன்பாட்டு விளையாட்டு உளவியல் சங்கம் வழங்கும் சான்றிதழுக்கு, இத்துறையில் முதுகலைப் பட்டமோ முனைவர் பட்டமோ, மூத்தவரின் மேற்பார்வையில் 400 மணி நேரப் பணியனுபவமும், தேர்வும் வேண்டும். சந்தா கட்டுமுன் ஆலோசகர் இத்தகைய சான்று எதையாவது பெற்றவரா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

மன்னிக்க முடியாத குறை ஒன்று உண்டு. அணிச் சந்தாவில், பயிற்சியாளரின் கணக்கிலிருந்து ஆட்டக்காரர்களின் அன்றாடக் குறிப்பேட்டை முழுவதுமாகப் படிக்க முடிகிறது. எழுதுபவர்களுக்கு அது தெளிவாகச் சொல்லப்படவில்லை. விதிமுறைகளின் நடுவில் ஒரு வரியாகப் புதைந்துகிடக்கிறது. ஆட்டத்தில் இறங்கவிடுவதும் வெளியே உட்கார வைப்பதும் பயிற்சியாளரின் கையில் இருக்கும்போது, அவர் படிப்பார் என்று தெரிந்தால் யார் தன் பயத்தை உள்ளபடி எழுதுவார்கள்? தெரியாமல் எழுதியவர்களின் குறிப்புகள் என் திரையில் வந்தபோது, நான் அவற்றைப் படிக்காமல் மூடிவிட்டு, அணியினரைக் கூட்டிச் செய்தியைச் சொன்னேன். அன்றிலிருந்து பெரும்பாலானோர் தாள் குறிப்பேட்டுக்கு மாறிவிட்டார்கள். இந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்று நிறுவனத்துக்கு எழுதினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்ற வழக்கமான பதில் வந்தது, அமைப்பு மாறவில்லை.

மனத்திறன் பயிற்சிக்கும் மனநலச் சிகிச்சைக்கும் இடையே உள்ள கோட்டையும் திட்டம் போதுமான அளவு காட்டவில்லை. உறக்கமின்மை, உணவின் மீது வெறுப்பு, விளையாட்டிலேயே ஈடுபாடு அற்றுப்போதல் போன்றவை தொடர்ந்தால் மூச்சுப் பயிற்சியும் சொற்களும் அவற்றுக்கு விடையாகா. மருத்துவரிடமோ உளவியல் சிகிச்சையாளரிடமோ செல்ல வேண்டும். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், காற்றில் சுழலும்போது தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வையே இழந்த நிலையில், அணி இறுதிப்போட்டியிலிருந்து விலகினார். அதை மன உறுதிக் குறைவு என்று ஏசியவர்கள் பலர்; அந்த நிலையில் சுழன்றால் கழுத்தில் விழ நேரலாம் என்பதை அறிந்தவர்கள் அப்படிப் பேசவில்லை. ஓய்வும் தகுந்த உதவியும் பெற்றுத் திரும்பிய அவர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒட்டுமொத்தப் பிரிவில் தங்கம் வென்றார். பன்னாட்டு ஒலிம்பிக் குழுவும் 2019இல் உயர்மட்ட வீரர்களின் மனநலம் குறித்து நிபுணர்களின் ஒருமித்த அறிக்கையை வெளியிட்டிருக்கிறது. இப்படிப்பட்ட காலத்தில், ‘தடைகளைத் தாண்டு’ என்ற முழக்கத்தை மட்டும் எல்லாப் பக்கத்திலும் அச்சிட்டுவிட்டு, எப்போது நிறுத்த வேண்டும், யாரிடம் செல்ல வேண்டும் என்பதைக் கடைசிப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் வைப்பது பொறுப்பான செயலாகாது.

யாருக்கு இது பொருந்தும் என்று கேட்டால், அடிப்படைத் திறன் ஓரளவு கைவந்து, பயிற்சியில் செய்வதைப் போட்டியில் செய்ய முடியாமல் திணறுபவருக்கும், பாடங்களைத் தன் விளையாட்டுக்கு ஏற்ப வெட்டி ஒட்டத் தெரிந்த பயிற்சியாளரைக் கொண்ட அணிக்கும் பொருந்தும். இப்போதுதான் ஆடத் தொடங்கியவருக்கு அந்த நேரத்தை மைதானத்தில் செலவிடுவதே மேல். தனியாக வாங்கி, சொன்னதைச் சொன்னபடி செய்பவர் மனக்காட்சி ஒலிப்பதிவிலும் கவன அலகிலும் வழிதவறக்கூடும். செயலி தடங்கலின்றி இயங்குகிறது, ஒலிப்பதிவுகளை இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் கேட்க முடிகிறது, கேள்விகளுக்கு ஓரிரு நாட்களில் பதில் வருகிறது. சந்தா தானாகவே புதுப்பிக்கப்படுவதால், வேண்டாம் என்பவர் பருவம் முடியுமுன் அமைப்புகளுக்குள் சென்று அதை நிறுத்திவிட வேண்டும். நிறுத்திய அன்றே பயிற்சித் தாள்களும் பூட்டப்பட்டுவிடுகின்றன. ஆகவே பதற்ற அலகின் இரண்டு பத்தித் தாள், தனக்குத்தானே பேசும் சொற்களின் தாள், முன்தயாரிப்பு வரிசைத் தாள் ஆகிய மூன்றையும் முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அடுத்த பருவத்துக்கு அணிச் சந்தாவைத் தொடரவில்லை. ஆலோசகருடனான உரையாடலை மட்டும், குறிப்பேட்டை இணைக்காமல், தனியாகத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறோம்.